ராஜ்மோகன் மேசையில் பிள்ளையார்

விருத்தாசலம்
14.7.2025

சுபாஷினிக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், உன்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை, அதனால் இனிமேல் கடிதம்தான் என்று சொல்லி என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். சரி. கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை, நான் தபாலாபீஸ் வரிசையில் நிற்கிறேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "வேலைக்கு அப்ளிகேஷனாங்க?" என்று கேட்டார். பொண்டாட்டிக்கு என்றேன். நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

'விக்கிரக ஆராதனைக்காரர்' என்ற சொல்லை எங்கள் ஊரில் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருந்தாய். சிலையைக் கும்பிடுகிறவன். முடிந்தது. இதற்கு ஒரு அகராதி ஆபீஸ், அதில் ஒரு வேலை, அதற்காக நீ பாண்டிச்சேரியில் ஒரு ஹாஸ்டல் ரூமில். "ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதுவது சுலபம், அதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று எழுதுவதுதான் கஷ்டம் என்று ராஜ்மோகன் சார் சொல்வார்" என்று எழுதியிருக்கிறாய். உன் மேலதிகாரி ராஜ்மோகன் சார் வேறு என்னென்ன சொல்வார் என்று அதற்குக் கீழே முக்கால் பக்கம். அத்தை சௌக்கியமா என்பது கடைசி வரியில்.

அம்மாவிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். "ஆராதனை பண்றவருன்னா குருக்கள்தானடா, அவருக்கு என்னா இப்ப?" என்றார். இதையும் உன் சாரிடம் சொல்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. விநாயகர் சதுர்த்திக்குப் புது அச்சு போட்டிருக்கிறோம். எங்கள் பீங்கான் யூனிட்டில் புது அச்சின் முதல் பீஸை விற்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த இடத்தில் அது இருக்கவேண்டும், திரும்பி வந்தால் அந்த வீட்டோடு உறவு முறிந்தது என்று அர்த்தமாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஆயிரத்து இருநூறு டிகிரி. அவ்வளவுதான் பிள்ளையார். அம்மா சொன்னதால் அனுப்புகிறேன். மேலே இருக்கும் தாமிரக் கிளேஸ் பூச்சு மட்டும் நான் கலந்தது. முன்னே சுட்டதெல்லாம் கறுத்துப்போனது. இது ஒன்றுதான் பச்சையாக வந்தது. கீழே போட்டுவிடாதே.

பூபாலன்

*

புதுச்சேரி
20.7.2025

அன்புள்ள உங்களுக்கு,

பிள்ளையார் உடையாமல் வந்து சேர்ந்தார். மழை பெய்து முடிந்ததும் வேப்பிலை இருக்குமே, அந்தப் பச்சை. ஹாஸ்டல் அறையில் ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். காலையில் வெயில் அவர் தொப்பையில்தான் முதலில் விழுகிறது. அம்மா சொன்னதால் அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிளேஸைக் கலந்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

அத்தை சொன்னதை அகராதிக்கான மேற்கோள் கார்டில் எழுதிவிட்டேன். ராஜ்மோகன் சார் சிரித்துவிட்டு, உங்கள் மாமியார் சொன்னதில்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்றார். உங்களுக்கு இது விளங்க வேண்டும் என்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள். பழைய மிஷன் அச்சுப் புத்தகங்களில் இந்தச் சொல் நிறைய வருகிறது. எல்லா இடத்திலும் அடுத்தவரைத்தான் குறிக்கிறது. அவர்கள், அந்த ஊரார், அந்த ராஜாக்கள். இப்போது மேடையிலும் வீடியோவிலும் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டவும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். நடிகருக்குப் பால் ஊற்றுகிற பையன்களையும் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் கோயிலுக்குப் போகும் ஒரு மனுஷி தன்னை இந்தச் சொல்லால் சொல்லிக்கொண்டதாக ஒரே ஒரு வாக்கியம்கூட எங்களிடம் இல்லை. கும்பிடுகிறவர்கள் எல்லாரும் 'சாமி கும்பிடுறோம்' என்கிறார்கள், அத்தோடு சரி. ஆளே இல்லாத வீட்டுக்குப் போட்ட பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது இந்தச் சொல்.

உங்கள் யூனிட்டில் வர்ணம் தீட்டும் ராஜாம்பாள் அக்கா இப்போது ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார்களே, அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. என் வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம் என்று ஆபீசில் சொல்கிறார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

சுபா

*

விருத்தாசலம்
26.7.2025

சுபாஷினிக்கு,

ராஜாம்பாளிடம் கேட்டேன். பிள்ளையாரின் தும்பிக்கைக்கு ரோஸ் அடித்துக்கொண்டிருந்தார். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும்போது அந்தச் சொல்லைச் சொல்வார்களாம். "முன்ன நான் விக்கிரக ஆராதனைக்காரியா இருந்தேன், இப்ப இல்ல." அப்புறம் ஏன் இதற்குப் பெயின்ட் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். பிரஷை எடுக்காமல், "கடைக்குப் போற வரைக்கும் இது பீஸுதான் தம்பி. அதுக்கு மேல வாங்குறவங்க பாடு" என்றார். எனக்கும் அதே கருத்துதான். ஆக, அடுத்தவனைச் சொல்வார்கள், இல்லையென்றால் தன்னுடைய பழசைச் சொல்வார்கள். எழுதிக்கொள்.

இப்போது நீட்டிப்பு விஷயம். இதை யார் சொன்னது? 'ஆபீசில் சொல்கிறார்கள்' என்றால் யார்? ஆபீஸ் என்பது கட்டடம். அது பேசாது. ராஜ்மோகன் என்று எழுதக் கை வரவில்லையா? மற்ற இடத்திலெல்லாம் நன்றாக வருகிறதே. பத்திக்கு ஒரு தரம் வருகிறது. நான் சொன்ன ஜோக்குக்கு நீ சிரித்து மாசக்கணக்காகிறது, எங்கம்மா சொன்னதற்கு அவர் சிரித்தார் என்று எனக்கே எழுதுகிறாய்.

உன் சொல்லுக்குப் புது உபயோகம் ஒன்று தருகிறேன், கார்டில் ஏற்று: 'கல்யாணமான ஒரு பெண் பாண்டிச்சேரியில் ஒரு விக்கிரகத்தைக் கண்டுபிடித்து, ஆபீஸ் நேரத்தில் ஆராதனை செய்துகொண்டிருக்கிறாள்.'

எனக்கு வளைத்துப் பேசத் தெரியாது. சூளையில் விரிசல் விட்டால் விரிசல் என்றுதான் சொல்வேன்.

பூபாலன்

*

புதுச்சேரி
2.8.2025

பூபாலனுக்கு,

ராஜாம்பாள் அக்கா சொன்னது இதுவரை எங்களுக்கு வந்ததிலேயே சுத்தமான மேற்கோள். நன்றி.

உங்கள் வாக்கியத்தையும் கார்டில் ஏற்றிவிட்டேன். 'ஒருவர்மேல் கண்மூடித்தனமான பற்று உடையவர். ஏளனமாக' என்று பொருள் போட்டு, கீழே 'விருத்தாசலம், கடிதம்' என்று குறித்திருக்கிறேன். ஏளனம் என்ற குறிப்பை நானாகத்தான் சேர்த்தேன். நீங்கள் விரிசல் என்று நினைத்து எழுதினீர்கள்.

அவருக்கு மனைவி இருக்கிறார், பெண் ஸ்கூலில் படிக்கிறாள் என்றெல்லாம் எழுதலாம். எழுதமாட்டேன். அதைக் காட்டித்தான் என்னை நீங்கள் நம்ப வேண்டும் என்றால் அந்த நம்பிக்கை எனக்கு வேண்டாம்.

இரண்டு நாளாக உடம்பு சூடாக இருக்கிறது. நீளமாக எழுத முடியவில்லை.

சுபாஷினி

*

விருத்தாசலம்
9.8.2025

சுபாஷினி,

உன் பிள்ளையார் என்னிடம் இருக்கிறது.

உடம்பு சூடு என்று எழுதியிருந்தாய். சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்று நேற்று யூனிட்டில் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். நெய்வேலியில் ஒரு மணி நேரம் டிராபிக். வடலூரில் இறங்கி உனக்கு மாதுளை வாங்கினேன். ஹாஸ்டலில் உள்ளே விடமாட்டார்கள் என்று நேராக உன் ஆபீசுக்கு வந்தேன். வாட்ச்மேன் மாடிக்குப் போகச் சொன்னார். உன் இடம் காலி. பக்கத்தில் கண்ணாடி போட்ட ரூம், கதவில் ராஜ்மோகன் என்று போர்டு. ஆள் இல்லை. டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றார்கள்.

அந்த மேசையின் நடுவில், அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி, என் பிள்ளையார். தலையில் நந்தியாவட்டை. வாடவில்லை, அன்றைக்குப் பறித்தது.

ஹாஸ்டல் ஜன்னல் என்று எழுதினாய். வெயில் தொப்பையில் விழுகிறது என்று எழுதினாய். நான் அதை ராத்திரி படுக்கும்போதெல்லாம் நினைத்துப் பார்த்திருக்கிறேன், தெரியுமா? அந்தப் பச்சைக்கு நான் எத்தனை முறை தாமிரத்தைக் கூட்டிக் குறைத்தேன். ஒரு சூளை முழுக்கக் கறுப்பாக்கி முதலாளியிடம் திட்டு வாங்கினேன். அதையெல்லாம் அந்த ஆளுக்கு நீ பூ வைத்துக் கொடுத்திருக்கிறாய்.

பூவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். பிள்ளையாரைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். மாதுளையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடு, போடாதே, எனக்கென்ன.

பூபாலன்

*

புதுச்சேரி
17.8.2025

பூபாலனுக்கு,

நேற்று அப்பா திட்டக்குடியிலிருந்து வந்திருந்தார். ஹாஸ்டல் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்: "என்னாம்மா, மாப்ளை குடுத்த சாமியவே திருப்பி அனுப்பிட்டியாமே?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் சொன்னதை வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். நீங்கள் வீட்டுக்குள் பையோடு போயிருக்கிறீர்கள். அத்தை பையைத் திறந்து பிள்ளையாரைப் பார்த்திருக்கிறார்கள். எப்படி வந்தது என்று கேட்டதற்கு "ஒண்ணும் கேக்காத" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டீர்கள். அத்தைக்கு வேறு எப்படித் தோன்றும்? வெள்ளிக்கிழமை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், மருமகள் பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு முதல் பீஸைத் திருப்பி அனுப்பிவிட்டாள், அவளை வீடு கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்று பிராதுச் சீட்டு எழுதிச் சன்னதியில் கட்டியிருக்கிறார்கள். அங்கே எங்கள் சித்தி பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் திட்டக்குடி முழுக்க நான் வாழாவெட்டி. சாமியிடம் என்மேல் புகார் இருக்கிறது, அதில் நான்தான் எதிரி.

எடுத்தது நீங்கள். அனுப்பியது நான் என்று ஆகிவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

சரி, அந்த மேசைக்கு அது எப்படிப் போனது என்று கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என் ரூம்மேட் பூர்ணிமா. தங்கமான பெண், எனக்குக் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். ராஜாம்பாள் அக்கா போகிற மாதிரியான கூட்டத்துக்குத்தான் அவளும் போகிறாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் முழங்கால் போடுற எடத்துக்கு நேரா இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கக் கஷ்டப்பட்டாள் என்று தெரிந்தது. பாதி அறை அவளுடையது. அதனால் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். என் மேசைக்கு மேலே ஏசி ஒழுகுகிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள், பக்கெட் வைத்திருக்கிறோம். ராஜ்மோகன் சார் தன் மேசையில் வைக்கச் சொன்னார். ஓரத்தில் வைத்தால் காற்றில் ஜன்னல் கதவு வந்து இடிக்கும், அதனால்தான் நடுவில், நாற்காலிக்கு நேராக.

பூ தினமும் நான் வைப்பது. எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்ட நாட்களில் அவர் வைத்திருக்கிறார். நான் சொல்லவில்லை. பழைய பூ காய்ந்து கிடந்தது, பார்க்க ஒரு மாதிரி இருந்தது என்றார். அவர் வீட்டில் நான்கு தலைமுறையாக வேறு சாமி. பொங்கல் படைத்ததைக்கூட அவர் அம்மா வாங்கமாட்டாராம். அப்படிப்பட்டவர் தோட்டத்தில் போய் நந்தியாவட்டை பறித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைமேல் வைத்திருக்கிறார். நான் காதோரம்தான் வைப்பேன்.

அதைத்தான் நீங்கள் குப்பைக்கூடையில் போட்டீர்கள்.

களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்று எழுதியது நீங்கள். வெறும் பீஸ் என்றால் அது எந்த மேசையில் இருந்தால் என்ன? யோசியுங்கள். நான் நாளை அப்பாவோடு திட்டக்குடி போகிறேன். அவர் மனசு ஆறும்வரை அங்கே இருப்பேன். ஆகஸ்ட் கடைசியில் கையெழுத்துப் போடுவதா, வேலையை விட்டுவிட்டு விருத்தாசலம் வருவதா, இல்லை திட்டக்குடியிலேயே இருந்துவிடுவதா என்று முடிவு செய்வேன். மூன்றாவதையும் யோசிக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

சுபாஷினி

*

விருத்தாசலம்
26.8.2025

சுபா,

திட்டக்குடி இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். நேரில் வந்திருக்கலாம். நேரில் வந்தால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அனுப்பவில்லை, நான்தான் அந்த ஆபீசில் இருந்து யாரிடமும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன் என்றேன். சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தார். "அப்ப நான் அந்தப் பொண்ணு மேல பொய்ப் பிராதுல்லடா கட்டியிருக்கேன்" என்றார். அத்தோடு எழுந்து கை கழுவிவிட்டார். வாபஸ் வாங்க நாளைக்கு மணவாளநல்லூர் போகிறார். என்னையும் வரச்சொல்லியிருக்கிறார், எதிரியாக யாரைப் போடவேண்டும் என்று சாமிக்கு அடையாளம் காட்டவாம். மாமாவுக்கும் போன் செய்தேன். நான் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "எம் பொண்ணு தலை நிமிந்து தெருவுல போவணும், அதுக்கு வழி பாருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நேற்று பிள்ளையாரை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி போனேன். நீ அங்கே இருக்கமாட்டாய் என்று தெரிந்துதான் போனேன். உன் எதிரில் என்னால் அதைச் செய்திருக்க முடியாது. கடலூர் வரை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் சதுர்த்திக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ராஜ்மோகன் இருந்தார். நான் நினைத்ததைவிட அழகாக இருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, நரைத்தும் நரைக்காத தலை. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எழுந்து நின்றார். நான் யாரென்று சொல்லவில்லை, துண்டைப் பிரித்தேன், அவருக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் அது இருந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் அப்படியே காலியாக விட்டு வைத்திருந்தார். சுற்றிலும் பேப்பர், நடுவில் ஒரு வட்டம்.

"வைக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"உங்க மனைவி லீவு முடிஞ்சு வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு அன்னைக்கு பயந்துட்டேன்" என்றார். திருடு போய்விட்டது என்று நினைத்தாராம். வாட்ச்மேன் மாதுளையைக் கொடுத்தபோதுதான் விளங்கியதாம். யாரிடமும் சொல்லவில்லை.

வைத்தேன். இந்தமுறை தோட்டத்துக்குப் போய் நந்தியாவட்டை நான் பறித்தேன். காதோரம் வைத்தேன், நீ எழுதியிருந்தபடி. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, அங்கதான் வைக்கணுமா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைய ஜெபத்துல வச்சிடுவாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வந்த மாதிரி காட்டிக்கொண்டேன்.

டீ வரவழைத்தார். உன் சொல்லின் கார்டுகளை மேசையில் பரப்பிக் காட்டினார். அம்மா சொன்னது, ராஜாம்பாள் சொன்னது. என் வாக்கியமும் இருந்தது, ஆபீஸ் நேரத்தில் ஆராதனை. நான் எழுதியது என்று பேர் இல்லை. அவர் அதன்மேல் விரல் வைக்காமல் அடுத்த கார்டுக்குப் போனார். விருத்தாசலத்தில் இருந்து அந்த ஆபீசுக்கு வாக்கியம் வருவது ஒரே வீட்டில் இருந்துதான். அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா? அப்போதுதான் எனக்கு உட்காரவே முடியவில்லை. என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

கடைசியில் ஒரு வெறும் கார்டு இருந்தது. அது என்ன என்று கேட்டேன். நீ எனக்கு எழுதியதையே சொன்னார். அடுத்தவரைச் சொல்கிறார்கள், பழசைச் சொல்கிறார்கள், இன்றைக்கு நான் இப்படி என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை, கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே குறித்துவிடுவோம் என்றார்.

"எழுதிக்குங்க. நான் விக்கிரக ஆராதனைக்காரன்தான்" என்றேன்.

பேனாவை எடுத்தவர் எழுதவில்லை. "சும்மா கார்டுக்காகச் சொல்லக்கூடாதுங்க" என்றார்.

"கார்டுக்கு இல்லிங்க. இது மண்ணுன்னு எனக்குத் தெரியும். என்னென்ன எவ்வளவு போட்டேன்னுகூடத் தெரியும். ஆனா உங்க மேசையில இருந்தத பாத்தப்ப என்னால நிக்க முடியல. பீஸுக்காக யாரும் அப்படி ஆவ மாட்டாங்க."

எழுதிக்கொண்டார். பேர் போடட்டுமா என்று கேட்டார். போடச் சொன்னேன். ஊர், வயசு, படிப்பு எல்லாம் கேட்டார். செராமிக் டெக்னாலஜி என்று சொல்லும்போது ஒரு மாதிரி இருந்தது. கிளம்பும்போது ஃபிரிட்ஜில் வைத்திருந்த மீதி மாதுளையில் ஒன்றைக் கையில் கொடுத்தார், நான் வாங்கிய மாதுளைதான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, பஸ்ஸில் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். கையெழுத்துப் போடு. இன்னும் ஒரு வருஷம் இரு. வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை, நீ அந்தக் கார்டுகளை எவ்வளவு சுத்தமாக அடுக்கி வைத்திருக்கிறாய் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நாளைக்குச் சதுர்த்தி. கோயிலில் வாபஸ் முடிந்ததும் அம்மாவோடு நேராகத் திட்டக்குடிக்கு வருகிறேன். மாமா சொன்ன வழிக்கு எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. உங்கள் தெருமுனையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்கிறவர்கள் எல்லாரிடமும் நான்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே உன் வீடு வரைக்கும் நடந்து வருகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். சேரட்டும். நான் வாயால் சொன்னதில் ஏதாவது கத்தியிருந்தால் இதைப் படித்துக்கொள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. அந்தச் சட்டையை யார் இஸ்திரி போடுகிறார்கள் என்று பஸ்ஸில் கடலூர் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையார் அங்கேயே, அந்த மேசையிலேயே இருக்கட்டும். அவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் பூ மட்டும் இனிமேல் நீதான் வைக்க வேண்டும். உனக்குக் காய்ச்சல் வந்தால் பழைய பூ காய்ந்தே கிடக்கட்டும். அவரிடம் சொல்லிவிடு. நான் பஸ் ஏறி வந்து வைக்கிறேன்.

பூபாலன்